பக்கத்து அறையில் ஒரு முணுமுணுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து வந்தார். பெரிய வேலை ஒன்றை முடித்தவர் மாதிரி இரண்டு கையையும் தட்டிக்கொண்டார்.

"எடுத்துட்டேன்."

"எதை?"

"உன் சாஃப்ட்வேரை. அதான், சத்தத்தைப் படமாக் காட்டற சமாச்சாரம். அதைப் போட்டதுல இருந்து கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது. இப்ப க்ளீன்."

போய்ப் பார்த்தேன். திரையில் அதன் ஐகான் இல்லை. ரீசைக்கிள் பின்னில் கிடந்தது. அவ்வளவுதான். சாஃப்ட்வேர் உள்ளே தன் இடத்தில் சௌக்கியமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

வாசல் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்துவிட்டதாக அர்த்தமா?

முதலில் சிரிப்பு வந்தது. பின்னாடியே அழுகை வந்தது. ஒரு ஐகானுக்காகவா இப்படி என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நான் இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆசிரமத்துப் பக்கம். கீழே நாங்கள் இருவர் – பத்திரிகையில் பத்தி எழுதும் நான், ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரான அவர். மாடியை, சீசனுக்கு வந்து தங்குகிறவர்களுக்கு விடுகிறோம். பூஜை அறையை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. கம்ப்யூட்டர் அங்கேதான். என் எழுத்தும் அங்கேதான்.

பொங்கல் முடிந்த கையோடு, அந்த அறையில் எனக்கு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பெரிய சத்தம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்துகொண்டு வாய்க்குள்ளேயே பேசுகிற மாதிரி... ஒரு முணுமுணுப்பு. மத்தியானம், தெரு அடங்கின பிறகுதான் கேட்கும். காலையில் கேட்காது. காலையில் எங்கள் வீட்டில் எதுவுமே கேட்காது. ஹாலில் டிவி அலறும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது பூஜை அறை. காலையில் விளக்கேற்றிக் கதவைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்போம். கோயிலில் நடை சாத்துகிற மாதிரி எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கம். ஆக, மனிதர் உட்கார்ந்து பேச வாய்ப்பே இல்லாத அறை அது.

அவரிடம் சொன்னேன். "ஏங்க, யாரோ பேசற மாதிரி இருக்கு. உங்களுக்குக் கேக்குதா?"

தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணும் இல்லியே."

கணக்கு வாத்தியார் அத்தோடு விடுவாரா? நிரூபிக்க இறங்கிவிட்டார். ஃப்ரிட்ஜை நிறுத்தினார். ஃபேன்களை நிறுத்தினார். கடைசியில் மெயின் ஸ்விட்சையே இறக்கினார்.

"இப்ப?"

"இப்பவும் கேக்குதுங்க."

"அப்ப மிஷின் இல்ல. வீட்டுல வேற ஆளும் இல்ல. மிச்சம் என்ன? உன் காது." கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "நீயே இப்பல்லாம் முணுமுணுன்னுதான் பேசறே, மாலதி. பாதி புரியறதில்ல. அதான் உனக்கு எல்லாமே முணுமுணுப்பா கேக்குது. எதுக்கும் காது டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடு."

எதிர்வீட்டு குருக்கள் மாமியிடமும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மலை பேசறது உங்களுக்குக் கேக்கறது. கொடுத்து வெச்சவா நீங்க."

இந்த ஊரில் இதுதான் தொல்லை. காதில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றால் பாதிப் பேர் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். மீதிப் பேர் காலில் விழ வருவார்கள். நடுவில் நின்று "சரி, அது என்ன சத்தமா இருக்கும்?" என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

எனக்கு பயமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். என் அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. யாருக்கும் கேட்காத ஒரு இரைச்சல் அம்மாவுக்கு மட்டும் கேட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதெல்லாம் கேட்காமல் போனது. "எல்லாரும் ஏன் வாய்க்குள்ளயே பேசறீங்க?" என்று எங்களைக் கோபித்துக்கொள்வார். கடைசிக் காலத்தில், வீடு நிறையப் பேர் இருக்கும்போது, "யாருமே என்கிட்ட பேசறதில்ல" என்று அழுதிருக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த வரிசையில் அடுத்தது நானா? மத்தியானம் அந்த அறைக்குள் போகவே தயங்கினேன். ஆனாலும் அது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் விடவில்லை.

அப்போது மாடியில் அன்னா இருந்தாள். போலந்துக்காரப் பெண். வருஷா வருஷம் குளிருக்கு இங்கே வந்துவிடுவாள். மலையைச் சுற்றி இருக்கும் பறவைகளின் சத்தத்தை ரெக்கார்டு பண்ணுவதுதான் அவள் பொழுதுபோக்கு. தமிழ் எல்லாம் டீக்கடையில் கற்றது. "அக்கா, பால் ஜாஸ்தி, சர்க்கரை கம்மி" என்பது வரைக்கும் சுத்தமாக வரும்.

ஒருநாள் அவள் லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் வில் மாதிரி வளைவுகள்.

"அக்கா, இது மயில்."

மயிலா? உற்றுப் பார்த்தேன். விளக்கினாள். இடமிருந்து வலம் போவது நேரம். கீழே இருந்தால் கனத்த சத்தம், மேலே போகப் போகக் கீச்சுச் சத்தம். எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு பலமான சத்தம். சத்தத்தைப் பிரித்து இப்படிப் படம் போட்டுக் காட்டவே ஒரு சாஃப்ட்வேர், அதுவும் இலவசம். மயில் அகவியதும் திரையில் அந்த வில் வளைந்து எழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் காதால் மட்டும் பார்த்த மயில்.

அவளிடம் என் முணுமுணுப்பைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கும்பிடவும் இல்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"காது உள்ளே சத்தம் – படம் வராது, அக்கா. வெளியே சத்தம் – படம் வரும்."

நான் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். மாசி வெயில் ஏறியதும் அவள் ஊருக்குக் கிளம்பினாள். தன் பழைய மைக் ஒன்றை என் கையில் வைத்து, சாஃப்ட்வேரின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே உட்கார்ந்தேன். பெயரைத் தட்டினால் ஒரு பக்கம் வந்தது. அதில் பச்சைப் பச்சையாக 'டவுன்லோடு' பட்டன்கள் நிறைய. எது நிஜம், எது விளம்பரம்? இருப்பதிலேயே பெரிதாக இருந்ததை அமுக்கினேன். அது தப்பு. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அவருடன் வானிலை சொல்கிறவர் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார். சுத்தக்காரர் வந்தவுடனே, "உங்கள் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட கோளாறு" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டினார். முதல் கோளாறே நீதானே ஐயா?

பக்கத்தைத் திரும்ப அலசி, மூலையில் சின்னதாக இருந்த நிஜமானதைப் பிடித்தேன். "இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டது. இவ்வளவு மரியாதையாக என்னிடம் யார் அனுமதி கேட்டிருக்கிறார்கள்? சரி என்றேன். அடுத்து ஒரு நீளமான ஒப்பந்தம். ஒரு வரி படிக்காமல் 'ஏற்கிறேன்' கொடுத்தேன். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அந்தப் பழக்கம் கைவந்துவிட்டது.

மத்தியானம், தெரு அடங்கியது. முணுமுணுப்பு கேட்டது. மைக்கைச் சுவர் ஓரம் வைத்து ரெக்கார்டு பட்டனை அமுக்கினேன்.

படம் ஓடியது. வெறும் கறுப்பு.

கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் சத்தம் இருக்கிறது, திரையில் இல்லை. அப்போது காதுக்குள்ளேதான். அம்மாவேதான். கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சினேன். அந்த உறிஞ்சலும் திரையில் வரவில்லை.

என்ன இது? கைதட்டினேன். கறுப்பு. மேஜையைத் தட்டினேன். கறுப்பு. அட, இதற்குக் காதே திறக்கவில்லை. செட்டிங்ஸுக்குள் தேடினால், மைக்கைப் பயன்படுத்த அனுமதி கொடுக்கப்படவில்லை என்று இருந்தது. எல்லா அனுமதியும் கேட்ட மகராசன் இதை மட்டும் கேட்க மறந்துவிட்டான்.

திறந்துவிட்டேன். திரை உயிர் பெற்றது. அடியில் ஒரு நேர்கோடு – கம்ப்யூட்டரின் சொந்த ஃபேன். நடுவே ஒரு சிதறல் – மாடி ஷீட்டில் குதித்த குரங்கு. தூரத்து ஆட்டோ ஹாரன் ஏணிப்படி மாதிரி வந்தது. ஒரு நிமிஷம் வந்த வேலையே மறந்துபோனது. உள்ளே போய்க் கடுகு தாளித்துவிட்டு வந்து அது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்புறம்தான் கவனித்தேன். அந்த நேர்கோட்டுக்கு மேலே, மங்கலாக, எறும்பு ஊர்வது போல ஒரு வரிசை. அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கினேன். சின்னச் சின்ன மேடுகள். கொஞ்சம் இடைவெளி. திரும்ப அதே மேடுகள், அதே இடைவெளி. திரும்பவும் அதே.

படம் வந்துவிட்டது. சத்தம் வெளியேதான் இருக்கிறது. என் காதில் கோளாறு இல்லை.

அழுதேன். வெட்கமில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் யாரும் நம்பாததை ஒரு சாஃப்ட்வேர் நம்பியது என்றால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அன்றைக்கு அது பெரிய ஆறுதல்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, அந்த வரிசையின் சத்தத்தை மட்டும் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு ஆண் குரல் எழுந்து வந்தது.

"ஓம் நமசிவாய... ஓம் நமசிவாய..."

குருக்கள் மாமி சொன்னது நிஜமோ? மலைதான் பேசுகிறதோ? ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கும்பிடக்கூடப் போனேன்... அதற்குள் ஒன்று இடித்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் ஒரே இடத்தில், ஒரே மாதிரி மூச்சு வாங்குகிறது. மலை எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

பூஜை அறைக் கதவைத் திறந்தேன். அண்ணாமலையார் படத்துக்குப் பின்னால் கை விட்டேன். சூடாகத் தட்டுப்பட்டது – மந்திரப் பெட்டி.

உங்கள் வீட்டிலும் இருக்கும். பிளக்கில் சொருகினால் நாள் முழுக்க மந்திரம் சொல்லிக்கொண்டே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி. எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு என் நாத்தனார் கொடுத்தது. பொங்கல் சமயத்தில் அது ரிப்பேராகி நின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நின்றதில் எனக்கு உள்ளூர நிம்மதி. சாமி விஷயமாயிற்றே என்று வாயைத் திறக்கவில்லை.

அவரைக் கூப்பிட்டேன். "இது ரிப்பேர் ஆயிடுச்சு இல்ல?"

"யார் சொன்னது? நான்தான் சத்தத்தைக் கம்மி பண்ணி வெச்சேன். டிவி நியூஸே கேக்க மாட்டேங்குது."

"பேசாம ஆஃப் பண்ணியிருக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை அதிர்ச்சி. "சாமி பேரை ஆஃப் பண்ணுவாங்களா? அதான் ஓடிட்டே இருக்கட்டும், நமக்குக் கேக்காம இருக்கட்டும்னு வால்யூமை முழுசா இறக்கிட்டேன்."

"அன்னிக்கு மெயின் ஸ்விட்சை இறக்கினீங்களே?"

"பூஜை ரூம் இன்வெர்ட்டர்லதானே ஓடுது? சாமி லைட் அணையக் கூடாதுன்னு நான்தான் மாத்தி வெச்சேன்." பெருமையாகத்தான் சொன்னார். சத்தமில்லாத பொருளை அவர் எதற்குக் கணக்கில் சேர்க்கப் போகிறார்?

"ஆனா வால்யூம் இறங்கியும் கேக்குதுங்க."

"எங்க கேக்குது?" பெட்டியை எடுத்துத் தன் காதோடு வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். "பாத்தியா, ஒண்ணுமே இல்ல."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

சண்டை போடத்தான் அவரைக் கூப்பிட்டேன். இரண்டு மாதமாக என்னை டாக்டரிடம் போ, டாக்டரிடம் போ என்று விரட்டியவர். ஜெயித்தது நான்தான். ஆனால் அலறும் டிவி ஞாபகம் வந்தது. "நீ முணுமுணுன்னு பேசறே" ஞாபகம் வந்தது. அது யார் சொன்ன வார்த்தை? என் அம்மாவின் வார்த்தை.

சாயங்காலம், விளையாட்டு மாதிரி, அவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். அந்தச் சாஃப்ட்வேரில் நாமே சத்தம் உண்டாக்கவும் வழி இருக்கிறது. கனத்ததிலிருந்து கீச்சு வரை எது வேண்டுமானாலும் போடலாம்.

"சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க."

கனத்த சத்தத்துக்கு உடனே தூக்கினார். கொஞ்சம் மேலே போனேன். தூக்கினார். இன்னும் மேலே... கை மடியிலேயே இருந்தது. திரையில் அலை ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போன் இடுக்கு வழியாக அந்த விசில் நான் இருக்கும் இடம் வரை வந்தது.

அவர் திரையைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, தேர்வெழுதும் பிள்ளை மாதிரி காத்திருந்தார். "ம், போடு." சற்றுப் பொறுத்து, "போடேன் மாலதி. எவ்ளோ நேரம்?"

"இதோ போடறேங்க" என்றேன். கனத்த சத்தத்துக்கு இறக்கினேன். கை உடனே எழுந்தது.

"பாத்தியா, காது ஊசி மாதிரி இருக்கு" என்றார்.

அந்த மனுஷர்தான் போன ஞாயிறு வந்து "எடுத்துட்டேன்" என்றார். ஐகான் போனால் சாஃப்ட்வேர் போச்சு. வால்யூம் இறங்கினால் சத்தம் போச்சு. எனக்கு ஏன் அழுகை வந்தது என்று இப்போது புரிகிறதா?

யோசித்துப் பார்த்தால் அவரை மட்டும் சொல்வானேன்? ஷுகர் ரிப்போர்ட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் சொருகிவிட்டு ஷுகரே இறங்கிவிட்ட மாதிரி நடமாடுகிறவர்கள் எத்தனை பேர் நம்மில்? இரண்டு மாதம் பயந்துகொண்டே இருந்த நான் டாக்டரிடம் போனேனா? போகவில்லையே. கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பதற்கும் ஒழித்துக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தால் வேலை ஜாஸ்தியாகிவிடுமே, அதனால் தெரியாத மாதிரி இருக்கிறோம்.

ஞாயிறு மத்தியானம் நானே முறைப்படி எடுத்தேன். செட்டிங்ஸில் ஆப்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக. சத்தப் படம் காட்டியவர் "நிச்சயமா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுக் கௌரவமாகக் கிளம்பினார். வானிலைக்காரரும் போனார். சுத்தக்காரர்தான் லேசில் போகவில்லை. "ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள்?" என்று உருகினார், காரணம் எழுதச் சொல்லிக் கட்டம் போட்டுக் கொடுத்தார், போன பிறகும் மூலையில் ஒரு தடவை தலைகாட்டினார். கம்ப்யூட்டர் பழையபடி ஓடுகிறது. என் ரெக்கார்டிங்குகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. அவற்றை நான் தொடவில்லை.

அன்று சாயங்காலம் பூஜை அறையைத் திறந்தபோது, அண்ணாமலையார் படத்துக்குப் பின்னால் கை விட்டு அந்தப் பெட்டியின் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஹாலில் அவர் தலை டிவியிலிருந்து திரும்பும் வரை ஏற்றினேன்.

"பொட்டி சத்தம் கேக்குது. நீயா ஏத்தினே?"

"ஆமாங்க."

"இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

எனக்குக் காது வலித்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாய்க்குள் பேசாமல், நிதானமாகச் சொன்னேன். "நீங்க சொன்னது சரிங்க. காது டாக்டர்கிட்ட காட்டிடறேன். தனியா போக பயமா இருக்கு, துணைக்கு வாங்க. போற கையோட ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிக்கலாம்."

"அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவ்வளவு திருப்தி அந்த முகத்தில்.

வெள்ளிக்கிழமை டாக்டர். இந்தப் பத்தியை வீட்டில் முதலில் படிப்பவர் அவர்தான். பத்திரிகை எங்கள் தெருக் கடைக்கு வருவது சனிக்கிழமை. நல்லவேளை.